கிரீஸ் தீவுக்கு ஆறு பேர், ஆகஸ்ட் மாசம், ஆளுக்கொரு ஆசை: எப்படித் திட்டம் போடறது?

திருப்பூர்க்காரி எழுதியது:

வணக்கமுங்க. காலேஜ்ல ஒண்ணாப் படிச்ச ஆறு பேரு சேர்ந்து கிரீஸ்ல ஏதாச்சும் ஒரு தீவுக்குப் போலாம்னு பொங்கல் சமயத்துல பேச்சை ஆரம்பிச்சோம். இன்னும் எந்தத் தீவுன்னுகூட முடிவாகல. வாட்ஸாப் குரூப்போட பேரையும் படத்தையும் மட்டும் மாத்தி மாத்தி வெச்சுட்டிருக்கோம். கடைசியில திட்டம் போடற பொறுப்பு என் தலையில வந்து விழுந்திருக்கு.

ஆட்கள் விவரம் சொன்னாத்தான் யோசனை சொல்ல வசதியா இருக்கும். நான் நெதர்லாந்துல ஐண்ட்ஹோவன்ல வேலை பாக்கறேன், இங்கத்த ரெசிடென்ஸ் கார்டு இருக்கு. ரெண்டு பேரு சென்னையில ஐடி. அவங்க முதல்ல எங்க வீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டு, அப்புறம் என்கூட கிரீஸ் வர்றாங்க. ஒருத்தி லண்டன்ல ஸ்கூல் டீச்சர், இந்தியப் பாஸ்போர்ட். கோடை விடுமுறையை விட்டா அவளுக்கு வேற லீவே கிடையாது. மிச்ச ரெண்டு பேரு ஃபிராங்க்ஃபர்ட்ல இருக்கற புருஷன் பொண்டாட்டி.

இப்ப ஆசைகள். சென்னைப் பையன் தினமும் சான்டோரினி ரீல்ஸ் அனுப்பறான். நீல டோம், வெள்ளைச் சுவரு, சூரியன் மறையறது. அவன் லண்டன்காரியையும் சேர்த்துக்கிட்டு நாலு சக்கர பைக் வாடகைக்கு எடுக்கப் போறானாம். ஃபிராங்க்ஃபர்ட் ஜோடிக்கு பீச்சுல புத்தகத்தோட படுத்துக் கிடந்தாப் போதும். டீச்சரம்மா சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. எனக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணிதான் என் எல்லை. சென்னையில இருக்கற இன்னொருத்தி புதுசா ஃபிளாட் வாங்கி லோன் கட்டிட்டிருக்கா. காசு விஷயம் வாயத் திறந்து சொல்ல மாட்டா. நாங்க எந்த வில்லா லிங்க் போட்டாலும் "பாக்கலாம்"னு ஒரே வார்த்தை.

ஃபிராங்க்ஃபர்ட்காரர் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டிருக்காரு. ஆகஸ்ட் 8லேருந்து 16. ஏதென்ஸ் ஒரு ராத்திரி, மிகோனோஸ் ரெண்டு, பாரோஸ் ரெண்டு, சான்டோரினி மூணு. கடைசி நாள் காலையில சான்டோரினியிலேருந்து கப்பல் ஏறி, சாயங்காலம் ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸ் வந்து, அன்னைக்கு ராத்திரியே விமானம். இது நடக்கற காரியமா? போயிட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

கால்டெரா_ரசிகன் எழுதியது:

சான்டோரினி போகாம கிரீஸ் போறதுன்னா, தஞ்சாவூர் போயிட்டுப் பெரிய கோயில் பாக்காம திரும்பற மாதிரி. உங்க சென்னைப் பையன் சொல்றதுதான் சரி. இயா ஊர்ல கால்டெராவை, அதாவது கடல் புகுந்த எரிமலைப் பள்ளத்தைப் பாத்த ஹோட்டலெல்லாம் நம்மால முடியாது. நாங்க கல்யாணம் ஆன வருஷம் பெரிசாங்கற ஊர்ல கடற்கரைப் பக்கம் இருந்தோம். கறுப்பு மணல், வாடகை பாதிக்கும் கீழ. ஃபிராவிலிருந்து இயா வரைக்கும் மலை விளிம்புலயே பத்து கிலோமீட்டர் நடைபாதை இருக்கு. காலையில ஏழு மணிக்குள்ள நடக்க ஆரம்பிச்சுடுங்க, ஆளே இருக்க மாட்டாங்க. அக்ரோட்டிரியையும் விட்டுடாதீங்க. கிட்டத்தட்ட 3,600 வருஷத்துக்கு முன்னாடி எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன ஊரு. ரெண்டு மாடி வீடெல்லாம் இன்னும் நிக்குது.

பிரேயஸ்_தூத்துக்குடியான் எழுதியது:

தங்கச்சி, நான் தூத்துக்குடிக்காரன். கப்பல்ல இன்ஜினியரா ஓடிட்டு, இப்ப பிரேயஸ்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல குப்பை கொட்டுதேன். நீங்க ஏறப்போற கப்பலெல்லாம் எங்க ஜன்னலுக்குக் கீழேருந்துதான் கிளம்பிப் போகுது. அதனால கொஞ்சம் நீளமாத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கிடு.

மொதல்ல அந்த எக்ஸெல் ஷீட்டை அழி. எட்டு ராத்திரியில நாலு ஊரு. ஒவ்வொரு தடவை தீவு மாறும்போதும் காலையில ரூமைக் காலி பண்ணணும், பெட்டியை இழுத்துக்கிட்டுத் துறைமுகத்துக்கு வரணும், கப்பல் வார வரைக்கும் நிழலில்லாத கான்கிரீட்ல நிக்கணும். அந்தப் பக்கம் இறங்கி அடுத்த ரூம் சாவியைக் கையில வாங்குறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும். அதையும் ஆறு பேரு, ஆறு பெட்டியோட.

அதைவிடப் பெரிய விஷயம் காத்து. ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல வடக்கேருந்து மெல்டெமின்னு ஒண்ணு அடிக்கும். வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்காது, வெயில் சுள்ளுனு அடிக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையா நுரைச்சுக் கிடக்கும். ஆரம்பிச்சா சில நாள் விடாம அடிக்கும். காத்து வேகத்தை அளக்குற பூஃபோர்ட் கணக்குல எட்டு, ஒன்பதுன்னு போச்சுன்னா துறைமுகக் காவல்காரன் பெரிய கப்பலையே கட்டிப் போட்டுருவான். அதிவேகக் கேட்டமரான் படகுக்கு அதுக்கும் கீழேயே தடை வந்துரும். காத்து நின்னதும்தான் கப்பல். டிக்கெட் காசு திரும்பி வரும், ஆனா தவறிப்போன விமானத்துக்கு யாரு பொறுப்பு? அதனால கடைசி நாள் கப்பலும் விமானமும் ஒண்ணா வைக்கவே கூடாது. கடைசி ராத்திரி ஏதென்ஸ்ல தூங்கு. இதுல மட்டும் பேரமே கிடையாது.

அடுத்தது தேதி. ஆகஸ்ட் 15 இங்க மாதா திருநாள். நம்ம ஊருலயும் கும்பிடுற அதே விண்ணேற்புத் திருநாள்தான். கிரேக்கக்காரனுக்கு ஈஸ்டருக்கு அடுத்தபடி இதுதான். ஏதென்ஸே காலியாகி எல்லாரும் சொந்தத் தீவுக்குப் போயிருவாவ. டினோஸ் தீவுல துறைமுகத்துலேருந்து மாதா கோயில் வரைக்கும் முட்டி போட்டு ஏறிப் போறவங்களை அன்னைக்குப் பாக்கலாம். அந்த வாரத்துக்குக் கப்பல் டிக்கெட்டும் ரூமும் முன்னாடியே தீந்துரும், மிச்சம் இருக்குறதும் கொள்ளை விலை. டீச்சர் பொண்ணுக்கு லண்டன்ல செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும் லீவு இருக்கும்லா? 22ஆம் தேதிக்கு மேல வாங்க. கூட்டம் திரும்பிப் போயிருக்கும், காத்தும் கொஞ்சம் தணிய ஆரம்பிக்கும், கடல் தண்ணி வருஷத்துலயே அப்பதான் வெதுவெதுப்பு.

தீவுன்னா நான் நாக்ஸோஸ்னு சொல்லுவேன். சைக்ளாடிஸ் தீவுக் கூட்டத்துலயே பெரிய தீவு, ஆறு பேரோட ஆசையும் அங்க அடங்கும். பிரேயஸ்லேருந்து காலையில கிளம்புற பெரிய கப்பல் பாரோஸ்ல நின்னு அஞ்சு அஞ்சரை மணி நேரத்துல நாக்ஸோஸ் போயிரும். அதிவேகப் படகு இன்னும் சீக்கிரம் போகும், காசும் கூட. ஆனா அதுல ஏசி அறைக்குள்ள பெல்ட் போட்டாப்புல உக்காந்து, குலுங்கிக்கிட்டே போகணும். பெரிய கப்பல்ல மேல்தட்டுல நிக்கலாம்.

இறங்குறது ஒரு கூத்து, அதை முன்னாடியே சொல்லுதேன். ஊரு வாரதுக்குக் கால் மணி முன்னாடி ஒலிபெருக்கியில பேர் சொல்லுவான். எல்லாரும் கீழ வண்டி நிக்குற தளத்துக்கு இறங்கணும். அங்க தீவு பேரு எழுதின அடுக்குலதான் ஏறும்போதே பெட்டியை வெச்சிருப்பீங்க. டீசல் புகை, லாரி இன்ஜின் சத்தம், கப்பல்காரன் கத்தல். கப்பல் பின்பக்கமாத் திரும்பிக் கரைக்கு வந்துக்கிட்டு இருக்கும்போதே ராம்ப் பாதி இறங்கியிருக்கும், வெளிச்சமும் உப்புக் காத்தும் சேந்து உள்ள அடிக்கும். தரை தட்டுனதும் ஓடணும். அவன் சில நிமிஷம்தான் நிப்பான், ஏறுறவங்க எதிர்ல வந்துக்கிட்டே இருப்பாங்க. யாரையும் பாத்ரூம்ல விட்டுட்டு வந்துராதீங்க.

இப்ப என் முக்கியமான யோசனை. ஆறு பேரும் எல்லா இடத்துக்கும் சேந்தே போகணும்னு என்ன சட்டமா இருக்கு? நாக்ஸோஸ்ல அகியா அன்னாவுக்கும் அகியோஸ் புரோகோபியோஸ் கடற்கரைக்கும் நடுவுல பஸ் ஓடுற ரோட்டுப் பக்கமா ஒரு வீடு பிடி. பகல்ல அவரவர் வழி, ராத்திரிச் சாப்பாடு மட்டும் ஒண்ணா. ஃபிராங்க்ஃபர்ட் ஜோடி பிளாக்கா கடற்கரையில நாள் முழுக்கக் கிடக்கட்டும். நீ பஸ் பிடிச்சு ஊருக்குள்ள இருக்குற செயின்ட் ஜார்ஜ் கடற்கரைக்குப் போ. ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது. ரீல்ஸ் தம்பி அதிவேகப் படகுல ஒரு நாள் சான்டோரினி போயிட்டு வரட்டும், மிச்ச அஞ்சு பேரு எதுக்கு அவன்கூட அலையணும்? சூரியன் மறையறதுக்கு நாக்ஸோஸ் துறைமுகத்து ஓரத்துலயே போர்ட்டாரா நிக்குது. கி.மு. 530 வாக்குல அப்பல்லோ கோயிலுக்குக் கட்ட ஆரம்பிச்சு, முடிக்காம விட்ட பளிங்கு வாசல். டிக்கெட்டும் இல்ல, தள்ளுமுள்ளும் குறைவு. சான்டோரினியில உல்லாசக் கப்பல்லேருந்து இறங்குற ஆளை ஒரு நாளைக்கு 8,000ன்னு கட்டுப்படுத்துற அளவுக்கு ஆயிருச்சு, நீயே யோசிச்சுக்கோ.

ஒரு நாள் மட்டும் கார் எடுத்து எல்லாரும் மலைக்குப் போங்க. ஹல்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸ்னு மலைக் கிராமங்க. ஃபிலோட்டியில பெரிய மரத்தடியில காபி குடிச்சிட்டு, வடக்கே அப்போலோனாஸ் வரைக்கும் போனா, பத்து மீட்டருக்கு மேல நீளமான பளிங்குச் சிலை ஒண்ணு செதுக்கி முடிக்காம, வெட்டுன குவாரியிலயே மல்லாக்கப் படுத்துக் கிடக்கு. எனக்கு அதைவிடப் பிடிச்சது மூட்சூனாங்குற கடலோர ஊரு. மலையில வெட்டின எமரிக் கல்லைக் கடலுக்கு இறக்குன பழைய கம்பி ரோப்வே துருப்பிடிச்சு நிக்குது. நம்ம ஒர்க்ஷாப்ல எமரி ஷீட்னு வெச்சுத் தேய்ப்போம்லா, அந்தக் கல்லுதான். இன்ஜினியர் புத்தி, போகட்டும்.

நாலு சக்கர பைக் வேண்டாம். மலை ரோட்டுல வளைவுக்கு வளைவு சரளைக்கல்லு, மேல காத்து. அடிபட்டா பெரும்பாலான பயணக் காப்பீடு கைவிரிச்சுரும். கார்தான் எடுக்கணும். இந்திய லைசன்ஸ்காரங்க ஊர்ல ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச அனுமதி வாங்கிட்டு வரணும். ஆட்டோமேட்டிக் வேணும்னா இப்பவே சொல்லி வை, தீவுல அது கொஞ்சம்தான் இருக்கும்.

"பாக்கலாம்" சொல்லுற பிள்ளைக்கு ஒண்ணு. வீட்டு வாடகையை ஆறாப் பிரிக்காதீங்க, அறைக்குத் தக்கனப் பிரிங்க. பால்கனி, தனிக் குளியலறை எடுக்குற ஜோடி கூடக் கொடுக்கட்டும். படகு, கார், குடை நாற்காலி எல்லாம் போறவங்க கணக்கு. பிளாக்கா நீளமான கடற்கரை, நாற்காலி போடாத இடம் நிறைய இருக்கு. துண்டை விரிச்சுப் படுத்தா எவனும் கேக்க முடியாது. கடற்கரை இங்க பொதுச் சொத்து. 2023ல பாரோஸ்காரங்க இதுக்காகத் துண்டோட போராட்டமே பண்ணுனாவ. அப்புறம், வீட்டு வாடகைக்கு மேல ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும் ராத்திரிக்கு 8 யூரோ வரி உண்டு, 80 சதுர மீட்டருக்கு மேல தனி வீடுன்னா 15. அதையும் கணக்குல சேத்துக்கோ.

லண்டன்_விசா_வரிசை எழுதியது:

விசா மட்டும் சொல்றேன். உங்களுக்கும் ஃபிராங்க்ஃபர்ட் தம்பதிக்கும் ரெசிடென்ஸ் கார்டும் பாஸ்போர்ட்டும் கையில இருந்தாப் போதும். லண்டன் டீச்சருக்குப் பிரிட்டன் விசா இருந்தாலும் ஷெங்கன் விசா (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) தனியா வேணும். சென்னை ரெண்டு பேருக்கும்தான். எந்த நாட்டுல அதிக நாள் தங்கறாங்களோ அந்த நாட்டுக்கிட்ட விண்ணப்பிக்கணும். உங்க வீட்டுல நாலு நாள், கிரீஸ்ல எட்டுன்னா, முதல்ல இறங்கறது நெதர்லாந்தா இருந்தாலும் கிரீஸ்தான். ரெண்டும் சமமா வந்தா முதல்ல நுழையற நாடு. யாராவது "உங்க வீட்டுல இன்னும் நாலு நாள் இருக்கேன்"னு நடுவுல ஆரம்பிச்சா இதை ஞாபகப்படுத்துங்க.

பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட்டுக்கு மே, ஜூன்ல அப்பாயின்ட்மென்ட் தேடினா கண்ணீர்தான் மிச்சம். கட்டணம் 90 யூரோ, அதுக்கு மேல விசா மையத்தோட சேவைக் கட்டணம். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாம இருக்கணும். தங்கற வீட்டு முன்பதிவுல ஆறு பேர் பெயரும் இருக்கற மாதிரி ஒரு கடிதம் வாங்கிக்கங்க. ஒருத்தர் பெயர்ல மட்டும் இருந்தா மத்தவங்க எங்கே தங்கறாங்கன்னு கேள்வி வரும். விசா கையில வர்ற வரைக்கும் ரத்து செஞ்சா காசு திரும்பற முன்பதிவா மட்டும் போடுங்க.

திருப்பூர்க்காரி எழுதியது:

ரொம்ப நன்றிங்ணா. தூத்துக்குடி அண்ணன் எழுதினதை அப்படியே குரூப்புல போட்டேன். எக்ஸெல்காரர் ஒரு நாள் பூரா பேசல. அப்புறம் அவரே வந்து புது ஷீட் போட்டாரு, ஆகஸ்ட் 22லேருந்து 30. வந்து இறங்கற ராத்திரி ஏதென்ஸ், நாக்ஸோஸ் ஆறு ராத்திரி, கடைசி ராத்திரி மறுபடி ஏதென்ஸ். அறைக்குத் தக்கன வாடகைன்னு சொன்னதுக்குச் சென்னைப் பொண்ணு முதல் தடவையா "சரி"ன்னு போட்டிருக்கா! ரீல்ஸ் தம்பிதான் இன்னும் முறைச்சுட்டிருக்கான்.

டீச்சரம்மா சாப்பாட்டுக்கு என்னங்க பண்றது? ஆறு நாளும் சாலட்லயே ஓட்டச் சொல்ல முடியாது. குக்கரும் அரிசியும் கொண்டு போகலாமான்னு கேக்கறா.

சூரிச்_மரக்கறி எழுதியது:

தங்கச்சி, குக்கரைக் காவிக்கொண்டு போகாதேங்கோ. நானும் மரக்கறிதான், என்ரை மனுசன் மீன், இறைச்சி சாப்பிடுறவர். கிரீசிலை எனக்கு ஒரு நேரமும் பட்டினி வரேல்லை. அவையின்ரை ஆர்த்தடொக்ஸ் சமயத்திலை வருசம் முழுக்க விரத நாள் கனக்க இருக்கு. ஆகஸ்ட் 1 தொடக்கம் 14 வரைக்கும் மாதாவுக்கு விரதம். அதாலை எண்ணெயிலை வதக்கிச் சமைக்கிற மரக்கறிக் கறியள் எல்லாச் சாப்பாட்டுக் கடையிலையும் இருக்கும். விரதச் சாப்பாட்டை "நிஸ்திசிமா" எண்டுதான் கேக்கவேணும், விரதம் முடிஞ்ச பிறகும் அது விளங்கும்.

கெமிஸ்தா எண்டு தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் உள்ளை சோறு அடைச்சு ஓவன் அடுப்பிலை வேகவைக்கிறது. சில இடத்திலை இறைச்சியும் போடுவினம், கேட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ. பிரியாம் எண்டால் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சுக்கினி எல்லாம் சேத்து வேகவைச்சது. ஃபாவா மஞ்சள் பருப்பை மசிச்சு மேலை வெங்காயமும் ஒலிவ் எண்ணெயும் விட்டது, எனக்கு அது போதும். ஹோர்த்தா எண்டு காட்டுக் கீரையை அவிச்சுத் தேசிக்காய் பிழிஞ்சு தருவினம். நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்குக் கிரீஸ் முழுக்கப் பேர், பொரிச்சது ஒரு தட்டு கட்டாயம் எடுங்கோ. டொல்மாதெஸ் எண்டு திராட்சை இலையிலை சுத்தி வாறதுக்குள்ளை இறைச்சி இருக்கலாம். "ஹோரிஸ் கிரேயாஸ்" எண்டால் இறைச்சி இல்லாமல். முட்டையும் ஆகாத ஆள் எண்டால் சீஸ் அடைச்சுச் சுடுற பேஸ்ட்ரியிலை முட்டை போடுவினம் எண்டதையும் சொல்லி வையுங்கோ. ஃபெட்டா சீஸிலை, பால் திரையிறதுக்குக் கண்டுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்திலை இருந்து எடுக்கிற ரென்னெட் போடுறதும் உண்டு, கடுமையான சைவம் எண்டால் யோசிக்கவேணும்.

உறைப்புத்தான் இராது. நான் ஒரு சின்னப் போத்தலிலை மிளகாய்த்தூள் கொண்டு போவன். பிறகு, டொய்லெட் பேப்பரை உள்ளை போட்டுத் தண்ணி அடிக்கக் கூடாது, பக்கத்திலை இருக்கிற கூடையிலைதான். குழாய் ஒடுக்கம். இதை ஆறு பேருக்கும் முதலே சொல்லிப்போடுங்கோ. வீட்டுக்காரர் அடைப்பு எடுக்க ஆளைக் கூப்பிட்டால் காசு உங்களிட்டைத்தான் கேப்பார்.

திருப்பூர்க்காரி எழுதியது:

அக்கா, இது போதும். டீச்சரம்மா குக்கரைக் கீழ வெச்சுட்டா, மிளகாய்த்தூள் மட்டும் கால் கிலோவாம்.

தூத்துக்குடி அண்ணா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. நாக்ஸோஸுக்கு ஏதென்ஸ்லேருந்து குட்டி விமானமும் இருக்குதாமே, அதுல போனா காத்துத் தொல்லை இல்லைதானே? இல்ல கப்பல்தான்னா, ஏர்போர்ட்லேருந்து பிரேயஸ் எப்படிப் போறது? ராத்திரி பதினொரு மணிக்கு மேலதான் எல்லாரும் இறங்கறோம்.

பிரேயஸ்_தூத்துக்குடியான் எழுதியது:

நாக்ஸோஸ் ஓடுபாதை ரொம்பக் குட்டை. புரொப்பல்லர் விமானந்தான் இறங்கும், சீட்டும் கொஞ்சந்தான். காத்து பலமா இருந்தா அதுவும் இறங்காது. ஆறு சீட்டு ஒரே விமானத்துல கிடைக்குறதுக்குள்ள கப்பலே போய்ச் சேந்துரும்.

அந்த நேரத்துக்கு இறங்குனா மெட்ரோவை நம்பாதே. பகல்னா ஏர்போர்ட்லேருந்து நீல வழி மெட்ரோ நேரா பிரேயஸ் வருது, 2022லேருந்து. ராத்திரிக்கு எக்ஸ்96 பஸ் விடிய விடிய ஓடும், ஏர்போர்ட் வாசல்லயே நிக்கும். முதல் ராத்திரி ரூமை ஏதென்ஸ் நடுவுல போடாம பிரேயஸ்லயே போட்டுருங்க, கப்பல் காலையில ஏழு ஏழரைக்கெல்லாம் கிளம்பிரும். அக்ரோபோலிஸ் கடைசி நாளைக்கு இருக்கட்டும்.

டிக்கெட்ல கேட் நம்பர் என்னன்னு பாத்துக்கோ. சைக்ளாடிஸ் கப்பல் அநேகமா ஈ6, ஈ7 பக்கந்தான் நிக்கும், மெட்ரோவுக்கு எதிர்ல. ஈ1, ஈ2ன்னு போட்டிருந்தா அது துறைமுகத்தோட அந்தக் கோடி. பெட்டியோட நடக்காதீங்க, துறைமுகத்துக்குள்ளயே இலவச பஸ் ஓடுது. ஈ5 கிட்ட ஏறிக்கிடலாம்.